தொலைக்காட்சியில் கட்சிகளுக்கான நேரம் – ஒரு வரலாற்றுப் பார்வை

தேர்தல் நெருங்கும்போது தூர்தர்ஷனில் மாலை வேளைகளில் ஒரு காட்சி வரும். மேசைக்குப் பின்னால் ஒரு கட்சித் தலைவர் அமர்ந்திருப்பார். கையில் தாள் இருக்கும். தாளையும் கேமராவையும் மாறி மாறிப் பார்த்துப் படிப்பார். பின்னணி இசை கிடையாது, கூட்டம் கிடையாது, கைத்தட்டல் கிடையாது. பெரும்பாலான வீடுகளில் அந்த நேரத்தில் ரிமோட் வேறு சேனலைத் தேடிப் போய்விடும்.

ஆனால் யாரும் அதிகம் கவனிக்காத அந்தச் சில நிமிடங்களுக்குப் பின்னால் நீண்ட வரலாறு உண்டு. பணம் உள்ள கட்சியின் குரலும் பணம் இல்லாத கட்சியின் குரலும் வாக்காளரின் வீட்டுக்குள் ஒரே கதவு வழியாக நுழைய வேண்டும் என்ற எண்ணத்தில் உருவானது அது. அந்தக் கதவு எப்படித் திறந்தது, பிறகு அதன் பக்கத்திலேயே வேறு எத்தனை கதவுகள் திறந்தன என்பதுதான் இந்தக் கட்டுரையின் பொருள்.

பிரிட்டனில் பிறந்த வழக்கம்

அரசியல் கட்சிகளுக்கு ஒலிபரப்பில் இலவச நேரம் ஒதுக்கும் பழக்கம் பிரிட்டனில் வானொலிக் காலத்திலேயே தொடங்கிவிட்டது. 1924 பொதுத் தேர்தலில் மூன்று முக்கியக் கட்சிகளின் தலைவர்களுக்கும் பிபிசி வானொலி தலா ஒரு வாய்ப்பு கொடுத்தது. தொழிற்கட்சியின் ராம்சே மெக்டொனால்ட் கிளாஸ்கோ நகரில் ஒரு பொதுக்கூட்டத்தில் பேசியது அப்படியே ஒலிபரப்பானது. மேடையில் அங்கும் இங்கும் திரும்பிப் பேசியதால் வானொலியில் அவர் குரல் சரியாக விழவில்லை. கன்சர்வேட்டிவ் கட்சியின் ஸ்டான்லி பால்ட்வின் ஒலிபரப்புக் கருவியின் முன் அமைதியாக உட்கார்ந்து, வீட்டில் இருப்பவரோடு உரையாடுவது போலப் பேசினார். புது ஊடகத்துக்குப் புது மொழி வேண்டும் என்ற பாடத்தை அந்தத் தேர்தலே கற்றுக்கொடுத்துவிட்டது.

தொலைக்காட்சியில் கட்சிகளின் தேர்தல் ஒளிபரப்பு 1951ல் வந்தது. அதன் பிறகு தனியார் தொலைக்காட்சிக்கு வழி திறந்த 1954ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு முக்கியமான முடிவை எடுத்தது. சோப்பும் பற்பசையும் விளம்பரம் செய்யலாம், அரசியல் விளம்பரம் கூடாது என்பதே அந்த முடிவு. இன்றுவரை, 2003ஆம் ஆண்டுத் தகவல் தொடர்புச் சட்டத்தின் கீழும், அந்தத் தடை நீடிக்கிறது.

பிரிட்டனின் ஏற்பாட்டில் இரண்டு பாதிகள் இருப்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு பாதி, கட்சிகளுக்கு இலவச நேரம். மறுபாதி, காசு கொடுத்து நேரம் வாங்கத் தடை. இரண்டும் சேர்ந்தால்தான் பூட்டு பூட்டும். விலைக்கு வாங்க முடியாத இடத்தில்தான் இலவசமாகக் கிடைக்கும் சில நிமிடங்களுக்கு மதிப்பு உண்டு.

இந்தத் தடை பேச்சுரிமைக்கு எதிரானது என்று விலங்குகள் நல அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை சென்றது. 2013 ஏப்ரலில் வந்த தீர்ப்பில் ஒன்பது நீதிபதிகள் தடை சரி என்றார்கள், எட்டுப் பேர் தவறு என்றார்கள். ஒரே ஒரு வாக்கில் அந்தத் தடை தப்பியது. கேள்வி அவ்வளவு சிக்கலானது.

இந்தியாவில்: அரசின் கையில் இருந்த அலை

இந்தியாவில் நிலைமை வேறு. இங்கே வானொலியும் தொலைக்காட்சியும் நெடுங்காலம் அரசுத் துறையாகவே இருந்தன. 1959ல் டில்லியில் சோதனை முறையில் தொடங்கிய தொலைக்காட்சி, 1976ல்தான் வானொலியிலிருந்து பிரிந்து தூர்தர்ஷன் என்ற தனி அமைப்பானது. ஆளும் கட்சிக்குத் தனியாக விளம்பரம் தேவைப்படவில்லை. செய்தி அறிக்கையே போதுமானதாக இருந்தது.

நெருக்கடி நிலைக் காலத்தில் இது உச்சத்துக்குப் போனது. 1977 பிப்ரவரியில் டில்லி ராம்லீலா மைதானத்தில் ஜெயப்பிரகாஷ் நாராயணனும் ஜெகஜீவன் ராமும் பேசிய எதிர்க்கட்சிக் கூட்டம் நடந்த அதே மாலை, தூர்தர்ஷனில் ‘பாபி’ திரைப்படம் ஒளிபரப்பானது. கூட்டத்துக்குப் போகாமல் மக்களை வீட்டில் உட்கார வைக்கவே அப்படிச் செய்தார்கள் என்று இன்றும் சொல்லப்படுகிறது. ஆனாலும் மைதானம் நிரம்பியது.

அந்த 1977 தேர்தலில்தான் அரசு வானொலியில் கட்சிகள் பேசும் வாய்ப்பும் வந்தது. தேர்தல் முடிந்து ஆட்சிக்கு வந்த ஜனதா அரசு, நெருக்கடி நிலையின்போது ஊடகங்கள் தவறாகப் பயன்படுத்தப்பட்டது பற்றி அதே ஆண்டு ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட்டது. பி.ஜி.வர்கீஸ் தலைமையில் அமைந்த குழு, வானொலியையும் தொலைக்காட்சியையும் தன்னாட்சி பெற்ற அமைப்பாக மாற்றச் சொன்னது. அந்தப் பரிந்துரை உடனே நடக்கவில்லை. பிரசார் பாரதி சட்டம் 1990ல் நிறைவேறி, 1997ல்தான் நடைமுறைக்கு வந்தது.

1998ஆம் ஆண்டுத் திட்டம்

1998 மக்களவைத் தேர்தலுக்கு முன், எம்.எஸ்.கில் தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்தபோது, ஜனவரி 16 அன்று தேர்தல் ஆணையம் ஓர் ஆணை பிறப்பித்தது. அங்கீகரிக்கப்பட்ட தேசியக் கட்சிகளுக்கும் மாநிலக் கட்சிகளுக்கும் தூர்தர்ஷனிலும் அகில இந்திய வானொலியிலும் இலவச நேரம் தரப்படும் என்றது அது. தேர்தல் செலவில் அரசு கட்சிகளுக்குத் தரும் உதவி, ரொக்கமாக இல்லாமல் நேரமாக வந்தது.

திட்டத்தின் செயல்முறை எளிமையானது. ஒவ்வொரு கட்சிக்கும் சமமான அடிப்படை நேரம் உண்டு. அதற்கு மேல், முந்தைய தேர்தலில் அந்தக் கட்சி பெற்ற வாக்குகளின் அளவுக்கு ஏற்பக் கூடுதல் நேரம் கிடைக்கும். மக்களவைத் தேர்தலில் தேசியக் கட்சிகள் அனைத்துக்கும் சேர்த்து தேசிய அலைவரிசையில் குறைந்தது 10 மணி நேரமும், மண்டல அலைவரிசைகளில் 15 மணி நேரமும் ஒதுக்கப்படும். சட்டமன்றத் தேர்தலில் ஒவ்வொரு கட்சிக்கும் 45 நிமிடம் அடிப்படை நேரம். கொரோனா காலத்தில் பொதுக்கூட்டங்கள் குறைய வேண்டியிருந்ததால், 2020 பீகார் தேர்தலிலும் 2021ல் தமிழ்நாடு உள்ளிட்ட மாநிலத் தேர்தல்களிலும் இது 90 நிமிடமாக உயர்த்தப்பட்டது. எந்தக் கட்சிக்கு எந்த நாள், எந்த நேரம் என்பது குலுக்கல் முறையில் முடிவாகும்.

நேரம் மட்டுமல்ல, பேச்சும் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. உரையின் எழுத்து வடிவத்தை முன்கூட்டியே கொடுக்க வேண்டும். பிற நாடுகளை விமர்சிக்கக் கூடாது. மதங்களையோ சமூகங்களையோ தாக்கக் கூடாது. ஆபாசமும் அவதூறும் கூடாது. வன்முறையைத் தூண்டக் கூடாது. குடியரசுத் தலைவர், நீதித்துறை ஆகியோரின் நேர்மையைக் களங்கப்படுத்தக் கூடாது. நாட்டின் ஒற்றுமைக்குப் பங்கம் வரக் கூடாது. எந்தத் தனிநபரையும் பெயர் சொல்லி விமர்சிக்கக் கூடாது.

கடைசி விதியைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மைதானத்தில் எதிராளியின் பெயரைச் சொல்லி ஒரு மணி நேரம் முழங்கும் தலைவர், தூர்தர்ஷன் ஸ்டூடியோவுக்குள் வந்ததும் யார் பெயரையும் உச்சரிக்காமல் தேர்தல் பேச வேண்டும்.

இந்த விதிகளை யார், எப்படிப் பொருள் கொள்வது என்பதும் சர்ச்சையானது. 2024 மக்களவைத் தேர்தலின்போது மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியின் பொதுச் செயலாளராக இருந்த மறைந்த சீதாராம் யெச்சூரியின் உரையிலிருந்து, ஆட்சியை வகுப்புவாத எதேச்சாதிகார ஆட்சி என்று குறிப்பிடும் சொற்களையும், கொடுங்கோல் சட்டங்கள் என்று பொருள்படும் சொற்களையும் நீக்கச் சொன்னார்கள். பார்வர்டு பிளாக் தலைவர் ஜி.தேவராஜனின் உரையில் ‘முஸ்லிம்கள்’ என்ற சொல்லையே எடுக்கச் சொன்னார்கள். ஆணையத்தின் நெறிமுறைப்படியே நடந்தோம் என்று பிரசார் பாரதி தரப்பு விளக்கம் தந்தது. இலவசமாகக் கிடைக்கும் மேடையில் ஒரு கட்சி எந்தச் சொல்லைப் பேசலாம் என்பதை ஒளிபரப்பு நிறுவனம் தீர்மானித்தால், அந்த மேடை யாருடையது என்ற கேள்வி இயல்பாகவே எழுகிறது.

அங்கீகாரம் என்ற வாசற்படி

இன்னொரு கேள்வியும் உண்டு. இந்த இலவச நேரம் அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளுக்கு மட்டுமே. பதிவு செய்யப்பட்டும் அங்கீகாரம் பெறாத கட்சிகளுக்கும் சுயேச்சைகளுக்கும் அதில் ஒரு நிமிடம்கூடக் கிடையாது. தமிழ்நாட்டில் விடுதலைச் சிறுத்தைகள் கட்சியும் நாம் தமிழர் கட்சியும் 2024 தேர்தலில் பெற்ற வாக்குகளால் 2025 ஜனவரியில்தான் மாநிலக் கட்சி என்ற அங்கீகாரம் பெற்றன. அதுவரை பல தேர்தல்களைச் சந்தித்திருந்தும், லட்சக்கணக்கான வாக்குகள் பெற்றிருந்தும், அரசு தொலைக்காட்சியின் இலவச நேரம் அவற்றுக்கு எட்டாமலேயே இருந்தது.

எங்காவது ஒரு கோடு போட்டுத்தான் ஆக வேண்டும் என்பது உண்மை. நூற்றுக்கணக்கான கட்சிகள் உள்ள நாட்டில் எல்லோருக்கும் நேரம் தர முடியாது. ஆனால் குரல் சென்று சேர வேண்டிய தேவை யாருக்கு அதிகமோ, அவர்களே கோட்டுக்கு வெளியே நிற்கிறார்கள் என்பதும் உண்மையே.

தனியார் சேனல்களும் தமிழ்நாடும்

1998ல் இந்தத் திட்டம் வந்தபோதே சூழ்நிலை மாறத் தொடங்கியிருந்தது. 1992ல் ஜீ டிவி வந்தது. 1993 ஏப்ரல் 14 அன்று, தமிழ்ப் புத்தாண்டில், சன் டிவி தொடங்கியது. அதைத் தொடங்கிய கலாநிதி மாறன், திமுகவின் முன்னணித் தலைவர்களில் ஒருவரான முரசொலி மாறனின் மகன். 1999ல் அதிமுக சார்பில் ஜெயா டிவி வந்தது. 2006ல் பாமகவோடு தொடர்புடைய மக்கள் தொலைக்காட்சி வந்தது. மாறன் குடும்பத்துக்கும் திமுக தலைமைக்கும் பிணக்கு ஏற்பட்ட 2007ல் கலைஞர் டிவி பிறந்தது. 2010ல் தேமுதிகவுக்கு கேப்டன் டிவி.

ஒரு கட்சி தொடங்கினால் கொடி, சின்னம், அதன்பின் ஒரு சேனல் என்று ஆகிவிட்ட மாநிலம் இது. 2006 தேர்தலில் இலவச வண்ணத் தொலைக்காட்சி என்பதே தேர்தல் வாக்குறுதியாக இருந்தது, ஆட்சிக்கு வந்ததும் அது வீடு வீடாக வழங்கவும்பட்டது. பெட்டியும் வீட்டுக்கு வந்தது, அதற்குள் பேசும் கட்சியும் வந்தது.

தேர்தல் ஆணையம் தூர்தர்ஷனில் 45 நிமிடத்தை மிகக் கவனமாக அளந்து கொடுக்கிறது. பக்கத்துச் சேனலில் ஒரு கட்சி நாள் முழுவதும் பேசுகிறது. செய்தியாகப் பேசுகிறது, விவாதமாகப் பேசுகிறது, பழைய படப் பாடலாகவும் பேசுகிறது. அரசியல் அமைப்புகள் ஒளிபரப்புத் துறையில் நுழையக் கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2008லும், மீண்டும் 2012லும் பரிந்துரைத்தது. அது சட்டமாகவில்லை.

2004: பூட்டின் ஒரு பாதி கழன்றது

இந்தியாவிலும் அரசியல் விளம்பரத்துக்குத் தடை இருந்தது. 1994ஆம் ஆண்டு கேபிள் தொலைக்காட்சி விதிகளில், முழுவதுமாகவோ பெரும்பாலுமோ மத அல்லது அரசியல் நோக்கம் கொண்ட விளம்பரங்களுக்கு இடமில்லை என்று ஏழாவது விதி சொல்கிறது. அதாவது பிரிட்டனைப் போலவே இங்கும் காகிதத்தில் பூட்டின் இரு பாதிகளும் இருந்தன.

2004 மக்களவைத் தேர்தலின்போது இது நீதிமன்றத்துக்குப் போனது. சன் குழுமத்தைச் சேர்ந்த தெலுங்கு அலைவரிசையான ஜெமினி டிவி தொடர்ந்த வழக்கில், ஆந்திர உயர் நீதிமன்றம் மார்ச் 23 அன்று தடைக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் உச்ச நீதிமன்றம் சென்றது. ஏப்ரல் 13 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு நடுவழியைக் காட்டியது. அரசியல் விளம்பரம் செய்யலாம், ஆனால் ஒளிபரப்பும் முன் தேர்தல் ஆணையம் அமைக்கும் குழுவிடம் சான்று பெற வேண்டும். பதிவு பெற்ற கட்சிகளும் வேட்பாளர்களும் மூன்று நாட்களுக்கு முன்பும், மற்றவர்கள் ஏழு நாட்களுக்கு முன்பும் விண்ணப்பிக்க வேண்டும். தயாரிப்புச் செலவையும் ஒளிபரப்புச் செலவையும் தெரிவிக்க வேண்டும். பணத்தைக் காசோலை அல்லது வரைவோலை மூலமே செலுத்த வேண்டும்.

தேர்தல் வாசலுக்கு வந்து நின்ற நேரத்தில் அது நியாயமான ஏற்பாடாகவே தெரிந்தது. ஆனால் அந்த ஏற்பாடு நிரந்தரமாகிவிட்டது. சான்றுக் குழு விளம்பரத்தில் என்ன சொல்லப்படுகிறது என்று பார்க்கும். எத்தனை முறை வருகிறது என்று தடுக்காது. வேட்பாளரின் செலவுக்கு உச்சவரம்பு உண்டு. பெரிய மாநிலங்களில் மக்களவைத் தொகுதிக்கு 95 லட்சம் ரூபாய் என்று 2022ல் அது நிர்ணயிக்கப்பட்டது. கட்சியின் பொதுப் பிரச்சாரச் செலவுக்கோ உச்சவரம்பே கிடையாது. எனவே பணம் உள்ள கட்சி எவ்வளவு நேரத்தை வேண்டுமானாலும் வாங்கலாம். பணம் இல்லாத கட்சிக்கு மாலை நேரத்து மேசையும் தாளும்தான்.

இதைச் சரிசெய்ய ஒரு வாய்ப்பு இருந்தது. 2003ல் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 39ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. கேபிள் தொலைக்காட்சி உள்ளிட்ட மின்னணு ஊடகங்களிலும் கட்சிகளுக்கு நியாயமான முறையில் நேரத்தைப் பங்கிட வேண்டும் என்கிறது அது. தனியார் அலைவரிசைகளில் அது நடைமுறைக்கு வரவே இல்லை. சட்டப் புத்தகத்தில் தூங்கும் பிரிவுகளில் அதுவும் ஒன்று.

48 மணி நேர அமைதி

வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் தொலைக்காட்சியில் தேர்தல் தொடர்பான எதையும் காட்டக் கூடாது என்கிறது அதே சட்டத்தின் 126ஆவது பிரிவு. வாக்காளர் இரைச்சல் இல்லாமல் யோசிக்கட்டும் என்பதே நோக்கம். ஆனால் 2019லும் 2024லும் மக்களவைத் தேர்தல் ஏழு கட்டங்களாக நடந்தது. ஒரு தொகுதியில் அமைதிக் காலம் நடக்கும்போது, இன்னொரு மாநிலத்தில் நடக்கும் பொதுக்கூட்டம் நேரலையாக அதே தொகுதியின் வீடுகளுக்குள் வரும். சட்டம் தொகுதியின் எல்லையைப் பார்க்கிறது. செயற்கைக்கோளுக்குத் தொகுதி தெரியாது.

2019: சேனலும் இல்லை, நேரமும் இல்லை

2019 தேர்தலில் மூன்று நிகழ்வுகள் பழைய விதிகளின் எல்லையைக் காட்டிவிட்டன.

முதலாவது, நமோ டிவி. மார்ச் 31 அன்று டிடிஎச் சேவைகளில் திடீரென்று தோன்றியது. பிரதமர் மோடியின் உரைகளும் பாஜக செய்திகளும் அதில் வந்தன. இது உரிமம் பெற வேண்டிய சேனல் அல்ல, டிடிஎச் நிறுவனங்கள் வழங்கும் விளம்பர மேடை என்று சொல்லப்பட்டது. எதிர்க்கட்சிகள் புகார் செய்தன. அதில் வரும் பதிவு செய்த நிகழ்ச்சிகளுக்கு முன்சான்று தேவை என்று தேர்தல் ஆணையம் சொன்னது. தேர்தல் முடிந்ததும் வந்தது போலவே அது மறைந்தும் போனது.

இரண்டாவது, பிரதமரின் வாழ்க்கையைச் சொல்லும் திரைப்படம். தேர்தல் முடியும்வரை அதைத் திரையிடக் கூடாது என்று ஏப்ரல் 10 அன்று ஆணையம் உத்தரவிட்டது. வாக்கு எண்ணிக்கைக்கு மறுநாள், மே 24 அன்று, படம் வெளியானது.

மூன்றாவதுதான் மிகப் புதியது. பிரதமரைப் பற்றிய ஒரு வெப் சீரிஸ் ஈராஸ் நவ் தளத்தில் இருந்தது. ஏப்ரல் 20 அன்று, அதைக் காட்டுவதை நிறுத்துமாறு ஆணையம் உத்தரவிட்டது. இங்கே மாலை ஏழு மணி என்று ஒரு நேரம் இல்லை. 15 நிமிடம் என்று ஓர் அளவு இல்லை. பார்ப்பவர் விரும்பும்போது, விரும்பும் இடத்தில், விரும்பும் வரை பார்க்கிறார். நேரத்தைப் பங்கிட்டுக் கொடுப்பதையே அடிப்படையாகக் கொண்ட விதிகள், நேரமே இல்லாத ஓர் ஊடகத்தின் முன் வந்து நின்றன.

ஆணையம் சும்மா இருந்துவிடவில்லை. 2013 அக்டோபரிலேயே சமூக வலைத்தளங்களையும் மின்னணு ஊடகமாகக் கருதி, அவற்றில் வரும் கட்சி விளம்பரங்களுக்கும் முன்சான்று கட்டாயம் என்றது. 2019 மார்ச்சில் இணைய நிறுவனங்கள் தாமாகவே ஒரு நடத்தை நெறியை ஏற்றுக்கொண்டன. 2021 பிப்ரவரியில் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள் ஓடிடி தளங்களுக்கு வயது வகைப்பாட்டையும் புகார் தீர்க்கும் மூன்றடுக்கு முறையையும் கொண்டுவந்தன. ஆனால் ஒரு படைப்பு எப்போது கதை, எப்போது பிரச்சாரம் என்பதற்கோ, அங்கே கட்சிகளுக்கு எப்படிச் சம வாய்ப்பு தருவது என்பதற்கோ அந்த விதிகளில் விடை இல்லை.

இந்தச் சிக்கல் இந்தியாவுக்கு மட்டும் உரியதல்ல. தொலைக்காட்சி விளம்பரத்தைத் தடுத்து வைத்திருக்கும் பிரிட்டனிலேயே, இணையத்தில் கட்சிகள் விளம்பரம் வாங்க அந்தத் தடை பொருந்தாது. இணையப் பிரச்சாரத்தை வெளியிடுவது யார் என்ற விவரம் அதிலேயே இருக்க வேண்டும் என்ற விதி 2022ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 2023 நவம்பரில்தான் அங்கே அமலுக்கு வந்தது.

வரலாறு சொல்வது என்ன?

இந்த நூறு ஆண்டுக் கதையை ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. விதிகள் எப்போதும் கண்ணுக்குத் தெரியும் கதவைத்தான் காவல் காத்தன. தூர்தர்ஷனில் ஒரு சொல்லைக்கூட விடாமல் தணிக்கை செய்கிறோம். மக்கள் உண்மையில் பார்க்கும் இடத்தில், யார் எவ்வளவு செலவு செய்து எத்தனை முறை பேசினார்கள் என்பதற்கு வரம்பு இல்லை. எளியவரின் குரலுக்குக் கட்டுப்பாடு அதிகம், வலியவரின் பணத்துக்குக் கட்டுப்பாடு குறைவு என்ற தலைகீழ் நிலை இதனால் உருவாகிவிட்டது.

இதற்குத் தீர்வு இன்னும் கடுமையான தணிக்கை அல்ல. ஓடிடியில் வரும் ஒவ்வொரு தொடரையும் அரசு அதிகாரி பார்த்துச் சான்று தர வேண்டும் என்றால், இன்று ஒரு சொல்லை நீக்கச் சொல்லும் கை நாளை ஒரு படத்தையே நீக்கச் சொல்லும். கட்டுப்படுத்த வேண்டியது பேச்சை அல்ல, பேச்சை விலைக்கு வாங்கும் பணத்தை. கட்சியின் தேர்தல் செலவுக்கு ஓர் உச்சவரம்பு வேண்டும். எந்தத் தளத்தில் எந்தக் கட்சி எவ்வளவு கொடுத்தது என்ற கணக்கு, தேர்தலுக்குப் பிறகு அல்ல, தேர்தல் நடக்கும்போதே பொதுமக்கள் பார்வைக்கு வர வேண்டும். 39ஏ பிரிவைத் தூக்கத்திலிருந்து எழுப்பி, அதிகம் பேர் பார்க்கும் தனியார் அலைவரிசைகளிலும் தளங்களிலும் எல்லாக் கட்சிகளுக்கும் ஒரு பங்கு தர வேண்டும். அங்கீகாரம் இல்லாத கட்சிகளுக்கும் சிறு அளவிலாவது ஒரு வாசல் திறக்க வேண்டும்.

பொதுக்கூட்ட மேடையில் வளர்ந்தது தமிழக அரசியல். ஊரின் முச்சந்தியில் ஒரு மைக்கும் ஒரு மேசையும் இருந்தால் யாரும் பேசலாம், நின்று கேட்பதும் நகர்வதும் மக்கள் விருப்பம். இன்று அந்த முச்சந்தி கைபேசித் திரைக்குள் வந்துவிட்டது. அங்கே மைக் யார் கையில் இருக்கிறது, அதற்கு யார் காசு கொடுத்தார்கள் என்று தெரிந்துகொள்ளும் உரிமையாவது கேட்பவருக்கு இருக்க வேண்டும். வாக்கு எல்லோருக்கும் ஒன்றுதான். அந்த வாக்கைக் கேட்டு வரும் குரல்களில் பணம் உள்ளவருடையது மட்டும் காதில் விழுந்தால், அந்த ஒன்று என்ற எண்ணுக்குப் பொருள் குறைந்துவிடும்.